டாக்குமென்ட் பாஸ்வேர்ட் மறந்து போச்சா? சாஃப்ட்வேர் தேடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

எங்க வீடு கட்டுன கணக்கு எல்லாம் ஒரே ஒரு எக்செல் ஃபைல்ல இருந்துச்சு. அக்காவும் நானும் சேர்ந்து போட்ட கணக்கு, பாஸ்வேர்ட் வச்சது அக்கா. பல வருஷம் கழிச்சு தேவைப்பட்டப்போ அவளுக்கும் ஞாபகம் இல்ல, எனக்கும் இல்ல. நான் என்ன பண்ணேன், நேரா நெட்ல தேடி கிடைச்ச சாஃப்ட்வேர போட்டு லேப்டாப்ப 11 நாள் ராப்பகலா ஓட விட்டேன், ஃபேன் சத்தத்துல வீட்ல யாரும் தூங்கல, ஃபைல் திறக்கவே இல்ல. கடைசில அது திறந்த கதைய கீழ 6-வது ஸ்டெப்ல சொல்றேன், ஏன்னா அதுக்கு ஆன நேரம் கால் மணி நேரம் கூட இல்ல.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். இது உங்க சொந்த ஃபைலுக்கு, இல்ல ஓனர் "திறந்து குடு"ன்னு சொன்ன ஃபைலுக்கு மட்டும்தான். அடுத்தவங்க ஃபைல திறக்க வழி தேடி வந்திருந்தா இதோட கிளம்பிடுங்க.

1. ஒரிஜினல தொடாதீங்க

ஃபைல ரெண்டு காப்பி எடுங்க. ஒண்ணு பென் டிரைவ்ல போட்டு ஓரமா வைங்க, இன்னொண்ணுல மட்டும் விளையாடுங்க. என்னடா இதெல்லாம் சொல்லித் தரணுமான்னு தோணும், ஆனா "ரிப்பேர் பண்ணவா?"ன்னு எக்செல் கேக்கறப்போ அவசரத்துல ஓகே அமுக்கி சேவ் பண்ணி பாதி ஷீட் காணாம போனவங்கள நான் பாத்திருக்கேன். ஃபைலோட கடைசியா மாத்துன தேதிய ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, அது பின்னாடி பாஸ்வேர்ட ஊகிக்க ரொம்ப உதவும்.

2. இது பூட்டா, தாழ்ப்பாளான்னு பாருங்க

முக்கால்வாசி பேர் தடுக்கி விழற இடம் இதுதான். "பாஸ்வேர்ட் போட்ட டாக்குமென்ட்"னு எல்லாத்தையும் ஒரே மாதிரி சொல்றோம், ஆனா உள்ள ரெண்டு வேற வேற விஷயம் இருக்கு.

ஃபைல கிளிக் பண்ண உடனே, எதுவுமே காட்டாம, ரீட் ஒன்லின்னு ஒரு பட்டன் கூட இல்லாம பாஸ்வேர்ட் கேட்டா அது பூட்டு. உள்ள இருக்கறது மொத்தமும் என்கிரிப்ட் ஆகியிருக்கு, பாஸ்வேர்ட் இல்லாம அது வெறும் குப்பை எழுத்து.

ஃபைல் திறக்குது, படிக்க முடியுது, ஆனா எடிட் பண்ணப் போனா, இல்ல பிரிண்ட் எடுக்கப் போனா, காப்பி பண்ணப் போனா மட்டும் தடுக்குதுன்னா அது தாழ்ப்பாள். உள்ள இருக்கறது எல்லாம் அப்படியே வெளிச்சமா கிடக்கு, "தொடாதே"ன்னு ஒரு சீட்டு மட்டும் ஒட்டியிருக்கு. இதுக்கு பாஸ்வேர்ட் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்ல. 3-வது ஸ்டெப்லயே வேலை முடிஞ்சிடும்.

சந்தேகமா இருந்தா ஒரு டெஸ்ட் இருக்கு. எக்ஸ்எல்எஸ்எக்ஸ், டாக்எக்ஸ் ஃபைல் எல்லாம் உண்மையில ஜிப் ஃபைல்தான். காப்பியோட பேருக்குப் பின்னாடி வர்ற எழுத்த ஜிப்புன்னு மாத்திட்டு திறங்க. உள்ள ஃபோல்டர் ஃபோல்டரா தெரிஞ்சா தாழ்ப்பாள். ஜிப்பாவே திறக்க மாட்டேங்குதுன்னா பெரும்பாலும் பூட்டு, ஏன்னா என்கிரிப்ட் பண்ணா ஆபிஸ் அதை வேற ஒரு டப்பாக்குள்ள போட்டு மூடிடும்.

இதுல மூணாவதா ஒரு வகை இருக்கு. ஆபிஸ் அக்கவுன்ட்ல லாகின் பண்ணாதான் திறக்கும், "உங்களுக்கு பர்மிஷன் இல்ல"ன்னு வரும். அது பாஸ்வேர்டே கிடையாது, உங்க ஆபிஸ் அட்மின் பாத்து விடணும். அதுக்கு கீழ இருக்கற எதுவும் வேலைக்கு ஆகாது.

3. தாழ்ப்பாள் மட்டும்னா

*எக்செல் ஷீட் புரொடெக்‌ஷன்.* மேல சொன்ன மாதிரி ஜிப்பா மாத்தி, எக்ஸ்எல் ஃபோல்டர், அதுக்குள்ள ஒர்க்‌ஷீட்ஸ், அதுக்குள்ள ஷீட்1, ஷீட்2ன்னு எக்ஸ்எம்எல் ஃபைலா இருக்கும். எந்த ஷீட் தடுக்குதோ அதை நோட்பேட்ல திறந்து "ஷீட்புரொடெக்‌ஷன்"னு ஆரம்பிக்கற டேக்க தேடி, ஓபனிங் பிராக்கெட்ல இருந்து குளோசிங் வரைக்கும் அந்த டேக்க மட்டும் அழிச்சு சேவ் பண்ணுங்க. அவ்ளோதான். ஷீட் சேக்கவோ அழிக்கவோ விடலன்னா அது ஒர்க்புக் புரொடெக்‌ஷன், அந்த டேக் ஒர்க்புக் எக்ஸ்எம்எல்ல இருக்கும். வேர்டுல செட்டிங்ஸ் எக்ஸ்எம்எல்ல "டாக்குமென்ட்புரொடெக்‌ஷன்"னு இருக்கும்.

இங்க ஒரு குழி இருக்கு. ஜிப்ப எக்ஸ்ட்ராக்ட் பண்ணி, எடிட் பண்ணி, திரும்ப வெளி ஃபோல்டர ரைட் கிளிக் பண்ணி ஜிப் பண்ணீங்கன்னா உள்ள ஒரு ஃபோல்டர் எக்ஸ்ட்ராவா சேந்துக்கும், எக்செல் "ஃபைல் கெட்டுப் போச்சு"ன்னு அழும். நீங்க ஏதோ பெரிசா தப்பு பண்ணிட்டதா நினைச்சு விட்டுடுவீங்க. செவன்-ஜிப்னு ஒரு இலவச டூல் இருக்கு, அதுல ஃபைல நேரா திறந்து உள்ளயே எடிட் பண்ணுங்க, இந்த வம்பே கிடையாது.

எக்செல் 2010 வரைக்கும் ஷீட் பாஸ்வேர்ட 16 பிட் ஹேஷா (அதாவது பாஸ்வேர்ட வச்சு கணக்கு போட்டு எடுத்த ஒரு கோடா) சுருக்கி வச்சிருந்தாங்க, அதனால 1,94,560 காம்பினேஷன் போட்டுப் பாக்கற ஒரு சின்ன மேக்ரோவே (எக்செல்குள்ளயே ஓடற குட்டி புரோகிராம்) ஏதோ ஒரு பொருந்தற பாஸ்வேர்ட கண்டுபிடிச்சிடும். இன்னைக்கும் அந்த மேக்ரோ நெட்ல சுத்துது. 2013-ல இருந்து எஸ்எச்ஏ-512-ங்கற பலமான ஹேஷ 1,00,000 தடவ சுத்தி வச்சுட்டாங்க, அதனால புது ஃபைல்ல அந்த மேக்ரோவ ஓட விட்டா எக்செல் தொங்கி நிக்கும். டேக்க அழிக்கறது ரெண்டுலயும் வேலை செய்யும்.

*"மாத்தறதுக்கு பாஸ்வேர்ட்" கேட்டா.* திறக்கறப்போ ரீட் ஒன்லின்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கி திறந்து வேற பேர்ல சேவ் பண்ணுங்க. சேவ் பண்ற இடத்துல இருக்கற டூல்ஸ்ல அந்த பாஸ்வேர்ட் கட்டத்த காலி பண்ணிடுங்க.

*பிடிஎஃப்.* திறக்குது, பிரிண்ட்டும் காப்பியும் மட்டும் தடுக்குதுன்னா அது ஓனர் பாஸ்வேர்ட். குயூபிடிஎஃப்னு ஒரு இலவச டூல் இருக்கு, அதுல டிகிரிப்ட் ஆப்ஷன் குடுத்தா ஒரு செகண்ட்ல தடை இல்லாத காப்பி வந்துடும். டூல் எல்லாம் வேணாம்னா, பிரிண்ட் மட்டும் அனுமதி இருக்கற ஃபைல பிரவுசர்ல திறந்து "பிடிஎஃப்பா சேவ் பண்ணு"ன்னு பிரிண்ட் குடுங்க. இதுல லிங்க், ஃபார்ம் எல்லாம் போயிடும், அதனால எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

*எக்செல் மேக்ரோ கோட் லாக்.* இதுவும் தாழ்ப்பாள்தான். கோட எடிட் பண்ண விடாது, ஆனா உள்ள என்கிரிப்ட் ஆகல. ஃபைல பைட் பைட்டா காட்டற ஹெக்ஸ் எடிட்டர்ல (எக்ஸ்எல்எஸ்எம்னா ஜிப்புக்குள்ள இருக்கற விபிஏபுராஜெக்ட் ஃபைல) திறந்து, டிபிபின்னு இருக்கற இடத்துல கடைசி எழுத்த எக்ஸுன்னு மாத்தி திறந்தா எக்செல் கொஞ்சம் முனகும், எஸ் எஸ்னு குடுத்துட்டே போய் புது பாஸ்வேர்ட் வச்சு சேவ் பண்ணிக்கலாம். காப்பில மட்டும் பண்ணுங்க.

4. பூட்டுதான், ஆனா உடைக்கறதுக்கு முன்னாடி வீட்டத் தேடுங்க

அவசரத்துல நான் தாண்டிப் போனது இதைத்தான். நமக்குத் தேவை உள்ள இருக்கற விஷயம், பாஸ்வேர்ட் இல்ல. அந்த விஷயம் வேற எங்கயாவது பூட்டாம கிடக்குதான்னு பாருங்க.

- யாருக்காவது மெயில்ல அனுப்பியிருக்கீங்களா? சென்ட் ஃபோல்டர்ல பூட்டறதுக்கு முன்னாடி அனுப்புன வெர்ஷன் இருக்கலாம். வாங்கினவங்க கிட்டயும் கேளுங்க.
- கிளவுட்ல இருந்த ஃபைல்னா வெர்ஷன் ஹிஸ்டரி பாருங்க. பாஸ்வேர்ட் போட்ட தேதிக்கு முந்தின வெர்ஷன் கிடைச்சா கதை முடிஞ்சுது.
- பழைய லேப்டாப், பழைய ஹார்ட் டிஸ்க், பேக்கப், சாட்ல அனுப்புன காப்பி.
- வேற யாரோ அனுப்புன பிடிஎஃப்னா அது வந்த மெயில முழுசா படிங்க. பேரு பாதி, பிறந்த தேதி பாதின்னு பாஸ்வேர்ட் விதிய அதுலயே எழுதியிருப்பாங்க. இல்லன்னா "திரும்ப அனுப்புங்க"ன்னு ஒரு மெயில் போடுங்க. உடைக்க ஆகற நேரத்துல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது.
- பிரவுசர்ல சேவ் ஆன பாஸ்வேர்ட் லிஸ்ட், போன் நோட்ஸ், டைரி கடைசி பக்கம். மெயில்லயும் சாட்லயும் "பாஸ்வேர்ட்"னு மட்டும் தேடாதீங்க, "பாஸ்", "பிடபிள்யு", "கோட்"னும் தேடுங்க, ஃபைல் பேரையும் தேடுங்க.

5. தெரிஞ்ச பாஸ்வேர்டே வேலை செய்யலையா

"இதேதான் போட்டேன், சத்தியமா இதேதான்"னு சொல்றவங்க நிறைய. அவங்க சொல்றது உண்மையாவும் இருக்கலாம். கேப்ஸ் லாக் போட்டே டைப் பண்ணியிருப்பீங்க, ஆபிஸ் பாஸ்வேர்ட்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வேற வேற. கீபோர்ட்ல நம்பர் லாக் ஆஃப்ல இருந்து நம்பர் விழாம போயிருக்கும். வேற எங்கயோ இருந்து காப்பி பேஸ்ட் பண்ணப்போ கடைசில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்.

நம்மாளுங்களுக்கு இன்னொண்ணு இருக்கு, தமிழ் கீபோர்ட். தமிழ்99-லயோ வேற லேஅவுட்லயோ டைப் பண்ணிட்டு இருந்து, அப்படியே பாஸ்வேர்ட் கட்டத்துல போய் இங்கிலீஷ்னு நினைச்சு தட்டியிருப்போம். கட்டத்துல வெறும் புள்ளி மட்டும்தான தெரியும், எந்த மொழி விழுதுன்னு யாருக்குத் தெரியும். அதனால உங்க பாஸ்வேர்ட தமிழ் கீபோர்ட ஆன் பண்ணி நோட்பேட்ல அடிச்சு, விழறத காப்பி பண்ணி ஒரு தடவ போட்டுப் பாருங்க. எந்த கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்ட் வச்சீங்களோ, அப்போ அதுல இருந்த லேஅவுட் எதுன்னு யோசிச்சு அதையே போடுங்க.

6. பேப்பர் எடுத்து உக்காருங்க

மெஷின் வேலை செய்யும், ஆனா எங்க தேடணும்னு நீங்கதான் சொல்லணும். கணக்கு பாருங்க, நான் அப்புறம்தான் பாத்தேன். என் லேப்டாப் அந்த எக்செல் ஃபைல்ல ஒரு செகண்டுக்கு 150 பாஸ்வேர்ட் வாக்குலதான் போட்டுப் பாத்துச்சு. சின்ன எழுத்து மட்டும், 6 எழுத்துன்னு வச்சாலே 30,89,15,776 காம்பினேஷன், அதை முடிக்க கிட்டத்தட்ட 24 நாள். 11 நாள் ஓட்டுனேன்ல, பாதி கூட தாண்டல. இதுல கொடுமை என்னன்னா எங்க பாஸ்வேர்ட் 11 எழுத்து. நான் தேடிட்டு இருந்த இடத்துலயே அது இல்ல.

12-வது நாள் நிறுத்திட்டு ஒரு பேப்பர் எடுத்தேன். ரெண்டு பேரும் அந்தக் காலத்துல வச்ச பாஸ்வேர்ட் எல்லாம் எப்படி இருந்துச்சுன்னு எழுதுனோம். ஞாபகம் வந்த பழைய மெயில் பாஸ்வேர்ட், வைஃபை பாஸ்வேர்ட் எல்லாம் பாத்தா ஒரே அச்சு: ஒரு பேரு, முதல் எழுத்து பெரிசு, நடுவுல ஒரு குறி, கடைசில ஒரு வருஷம். பேரு யாருதுன்னு பாத்தா வீட்டு ஆளுங்க, பூனை, பழைய தெரு. மொத்தம் 9 பேரு வந்துச்சு.

அப்படியும் முதல் ரவுண்ட்ல கிடைக்கல. அப்புறம்தான் உறைச்சுது. எங்க பூனை பேரு யாழினி. அதை இங்கிலீஷ்ல எழுதறப்போ நான் ழ-வுக்கு இசட், எச் போடுவேன். போன் போட்டு அக்கா கிட்ட கேட்டேன், "அக்கா, யாழினிய நீ எப்படி எழுதுவ?" "எல் போட்டுதான். யாருடா அதுக்கு இசட் எச்செல்லாம் போட்டுட்டு இருப்பா."

இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. நம்ம பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல எழுதறப்போ ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஸ்பெல்லிங். ழ-வுக்கு இசட் எச், எல், வெறும் இசட். த-வுக்கு டி எச், டி மட்டும். நெடில்னா ரெட்டை ஏ, ஒத்தை ஏ. ஈ-க்கு ரெட்டை இ, ஒத்தை ஐ, சில பேருக்கு ஒய். ச-வுக்கு எஸ், எஸ் எச், சி எச். அதனால யார் பாஸ்வேர்ட் வச்சாங்களோ அவங்க எப்படி எழுதுவாங்கன்னு அவங்க பழைய மெசேஜ பாத்து எடுங்க. நெட்ல கிடைக்கற ரெடிமேட் பாஸ்வேர்ட் லிஸ்ட் எல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷ்காரங்க பழக்கம்தான். எல்லாரும் யூஸ் பண்றது 2009-ல ராக்யூங்கற கம்பெனில இருந்து கசிஞ்ச லிஸ்ட், 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல பாஸ்வேர்ட் இருக்கு, ஒரு ரவுண்ட் ஓட்டிப் பாக்கலாம் தப்பில்ல, ஆனா உங்க வீட்டுப் பூனைய உங்க அக்கா எப்படி ஸ்பெல் பண்ணுவான்னு அதுக்குத் தெரியாது.

எங்க லிஸ்ட் கடைசில இப்படி வந்துச்சு: 9 பேரு, ஒவ்வொண்ணுக்கும் 8 ஸ்பெல்லிங், பெரிய எழுத்து சின்ன எழுத்து 3 விதம், வருஷம் மாதிரி முடிவு 40, குறி 6 விதம், அந்தக் குறி நம்பருக்கு முன்னாடியா பின்னாடியான்னு 2. பெருக்கினா 1,03,680. அதே லேப்டாப்ல, அதே 150 வேகத்துல, மொத்த லிஸ்ட்டும் 12 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். முடியறதுக்கு முன்னாடியே கிடைச்சிருச்சு.

7. டூல எப்படி ஓட்டறது

ரெண்டு பேர் போதும், ரெண்டும் இலவசம், ஓப்பன் சோர்ஸ்: ஜான் த ரிப்பர், ஹேஷ்கேட். ஜான்ல ஜம்போ வெர்ஷன எடுங்க, அதுலதான் டாக்குமென்ட் வகை எல்லாம் வரும். கிராபிக்ஸ் கார்டு இருந்தா ஹேஷ்கேட் பல மடங்கு வேகம், வெறும் லேப்டாப்னா ஜானே போதும். அதிகாரப்பூர்வ சைட்ல இருந்து மட்டும் எடுங்க. ஆன்டிவைரஸ் கத்தும், பாஸ்வேர்ட் டூல்னாலே கத்தறது அதோட வழக்கம்.

முதல்ல ஃபைல்ல இருந்து ஹேஷ்னு ஒரு வரிய பிரிச்சு எடுக்கணும். ஜான் கூடவே ஆபிஸ்டூஜான், பிடிஎஃப்டூஜான், ஜிப்டூஜான்னு குட்டி ஸ்கிரிப்ட் வரும், அதுல உங்க ஃபைல் பேர குடுத்தா நீளமா ஒரு வரி துப்பும். அந்த வரியப் பாத்தாலே உங்க தலையெழுத்து தெரிஞ்சிடும். ஆபிஸ் ஃபைல்னா 2007, 2010, 2013-ன்னு ஒரு வருஷம் இருக்கும், 2010, 2013-ன்னா பக்கத்துல 100000-ன்னு ஒரு நம்பர் (2007-க்கு அது 50000, ஆனா வரில எழுதியிருக்காது). ஒவ்வொரு பாஸ்வேர்டையும் அத்தனை தடவ சுத்தித்தான் சோதிக்க முடியும்னு அர்த்தம், அதனாலதான் இவ்ளோ மெதுவு. 2016, 2019-ல பண்ண ஃபைலும் 2013-ன்னுதான் காட்டும், பயப்படாதீங்க.

அப்புறம் அந்த வரிய ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு, உங்க லிஸ்ட்ட இன்னொரு ஃபைல்ல வரிக்கு ஒண்ணா போட்டு, ரெண்டையும் டூலுக்கு குடுங்க. இதுல நான் விழுந்த குழிகள் வரிசையா:

விண்டோஸ்ல பவர்ஷெல்ல இருந்து ஹேஷ் வரிய ஃபைலுக்கு திருப்பி விட்டா அது யுடிஎஃப்-16-ங்கற வேற எழுத்து முறைல சேவ் ஆகும், ஜான் "ஒரு ஹேஷும் இல்ல"ன்னு சொல்லும். பழைய கமாண்ட் பிராம்ப்ட்ல பண்ணுங்க. இதுக்கே எனக்கு ஒரு ராத்திரி போச்சு.

ஜான் எடுத்துக் குடுத்த வரில முதல்ல ஃபைல் பேரும் ஒரு கோலனும் இருக்கும். ஹேஷ்கேட்டுக்கு அது பிடிக்காது, அந்தப் பகுதிய வெட்டிட்டு டாலர் குறில இருந்து மட்டும் குடுங்க. ஹேஷ்கேட்டுக்கு வகை நம்பரும் சொல்லணும்: ஆபிஸ் 2007-க்கு 9400, 2010-க்கு 9500, 2013-க்கு 9600.

பாஸ்வேர்ட் கிடைச்சதுக்கு அப்புறம் திரும்ப ஓட்டுனா ஜான் "உடைக்க ஹேஷ் எதுவும் மிச்சமில்ல"ன்னு சொல்லும். அது தோல்வி இல்லங்க! ஏற்கனவே கண்டுபிடிச்சு பாட் ஃபைல்ல எழுதி வச்சிருக்குன்னு அர்த்தம். ஷோ ஆப்ஷன் குடுத்தா காட்டும். ஸ்க்ரீன்ல ஓடி மறைஞ்சத கவனிக்காம, கிடைச்ச பாஸ்வேர்ட கைல வச்சுக்கிட்டே ஒரு வாரம் தேடுனவங்க இருக்காங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒத்திகை பாருங்க. அதே ஆபிஸ்ல ஒரு வெத்து ஃபைல் பண்ணி, தெரிஞ்ச பாஸ்வேர்ட் போட்டு, அந்தப் பாஸ்வேர்ட லிஸ்ட்டுக்கு நடுவுல எங்கயோ ஒளிச்சு வச்சு ஓட்டுங்க. கண்டுபிடிச்சா உங்க செட்டிங் சரி. கண்டுபிடிக்கலன்னா நீங்க நிஜ ஃபைல்ல எத்தனை நாள் ஓட்டுனாலும் வேஸ்ட்தான். ரெண்டு டூலும் பாதில நிறுத்தி விட்ட இடத்துல இருந்து தொடர விடும், அதனால ராத்திரி மட்டும் ஓட்டலாம்.

8. எந்த ஃபைலுக்கு எவ்ளோ நம்பிக்கை

பழைய எக்ஸ்எல்எஸ், டாக் ஃபைல், அதாவது ஆபிஸ் 97-ல இருந்து 2003 வரைக்கும் வந்தது: டிஃபால்ட்டா 40 பிட் என்கிரிப்ஷன். பாஸ்வேர்ட் எவ்ளோ நீளமா இருந்தாலும் கவலையில்ல, சாவியவே நேரா தேடலாம், மொத்தமே 1 லட்சம் கோடிக்கு கொஞ்சம் மேலதான். நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு அது தாங்கற வேலை. உங்க ஃபைல் இந்த வகைன்னா நிம்மதியா இருங்க.

2007-ல இருந்து வந்த ஆபிஸ் ஃபைல்: ஏஇஎஸ்ங்கற பலமான என்கிரிப்ஷன். பாஸ்வேர்ட ஊகிக்கறத தவிர வேற வழி கிடையாது. மறந்துட்டா எங்களால மீட்டுத் தர முடியாதுன்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லுது. கம்பெனிகளுக்கு டாக்ரீகிரிப்ட்னு ஒரு டூல் குடுத்திருக்காங்க, ஆனா பாஸ்வேர்ட் போடறதுக்கு முன்னாடியே அட்மின் அதுக்கான சர்டிஃபிகேட்ட செட் பண்ணி வச்சிருந்தாதான் அது வேலை செய்யும். ஆபிஸ் கம்ப்யூட்டர்ல பண்ண ஃபைல்னா ஐடி ஆளுங்கள ஒரு தடவ கேட்டுப் பாருங்க, கேக்கறதுல நஷ்டம் இல்ல.

பிடிஎஃப்: பிடிஎஃப்டூஜான் குடுக்கற வரில முதல்ல வர்ற மூணு நம்பர்ல ரெண்டாவது என்னன்னு பாருங்க. 2-ன்னா 40 பிட், பழைய ஆபிஸ் மாதிரிதான், உடையும். 3, 4-ன்னா ஊகிக்கணும், ஆனா ஆபிஸ விட வேகமா ஓடும். 5-ன்னா பேருக்கு 256 பிட், ஆனா சோதிக்கற முறை ரொம்ப லேசு, அதனால 4-ஐ விட வேகமா ஓடும், இது ஒரு வேடிக்கை. 6-ன்னா அந்த ஓட்டைய அடைச்சுட்டாங்க, பொறுமை வேணும்.

ஜிப்: செவன்-ஜிப்ல திறந்தா மெத்தட்னு ஒரு காலம் இருக்கும். ஜிப்கிரிப்டோன்னு போட்டிருந்தா பழைய வகை. 1994-லயே பிஹாம், கோச்சர்னு ரெண்டு பேர் இதுல ஓட்டை கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. உள்ள இருக்கற ஏதாவது ஒரு ஃபைல் பூட்டாம உங்ககிட்ட வெளில இருந்தா, குறைஞ்சது 12 பைட் தெரிஞ்சிருந்தா, பிகேகிராக்னு ஒரு டூல் பாஸ்வேர்டே இல்லாம உள்சாவிய எடுத்துக் குடுத்துடும். ஆனா வெளில இருக்கற ஃபைலும் அதே முறைல கம்ப்ரஸ் ஆகி அதே பைட்டா வரணும், அதுலதான் நிறைய பேர் தடுமாறுவாங்க. ஃபோட்டோ மாதிரி கம்ப்ரஸ் பண்ணாம அப்படியே வச்ச ஃபைல் கிடைச்சா சுலபம். மெத்தட்ல ஏஇஎஸ்னு இருந்தா இந்த வித்தை செல்லாது. செவன்-ஜிப் சொந்த ஃபைல்னா 5,24,288 தடவ சுத்து, மெதுவோ மெதுவு, லிஸ்ட் ரொம்ப சின்னதா இருந்தா மட்டும் இறங்குங்க.

9. நேரம், காசு, பேப்பர்

கிராபிக்ஸ் கார்டு கொண்டு செகண்டுக்கு 1000 போட முடியுதுன்னு வச்சுக்கோங்க. 8 இலக்க நம்பர்னா 28 மணி நேரம். பிறந்த தேதி மாதிரி 100 வருஷத்துத் தேதி மட்டும்னா ஒரு நிமிஷம் கூட ஆகாது, அதனால தேதிய எப்பவும் முதல்ல போடுங்க. சின்ன எழுத்து மட்டும் 8-ன்னா ஆறரை வருஷம். பெரிசு சின்னது நம்பர் குறி எல்லாம் கலந்த 8 எழுத்துன்னா 2 லட்சம் வருஷத்துக்கு மேல. பாஸ்வேர்ட் மேனேஜர் தானா உருவாக்குன 16 எழுத்துன்னு தெரிஞ்சா கணக்கு கூட போடாதீங்க, 4-வது ஸ்டெப்புக்கு திரும்பிப் போங்க.

காசுன்னு பாத்தா டூல் இலவசம், கரண்ட் செலவு மட்டும். அவசரம்னா கிளவுட்ல கிராபிக்ஸ் கார்டு மெஷின மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கலாம், ஆனா லிஸ்ட் ரெடியாகாம எடுக்காதீங்க, மீட்டர் ஓடிட்டே இருக்கும். முடிஞ்ச உடனே மெஷின அழிக்கவும் மறந்துடாதீங்க.

மீட்டுத் தர்ற சர்வீஸ் கிட்ட போறதா இருந்தா ஒழுங்கான ஆளுங்க கிடைச்சாதான் காசு வாங்குவாங்க, முன்னாடியே மொத்தமும் கேட்டாலோ "100 சதவீதம் கேரண்டி"ன்னு சொன்னாலோ நகர்ந்துடுங்க. நான் ஒரு இடத்துல முன்பணம் கட்டிட்டு பாஸ்வேர்டோட முதல் ரெண்டு எழுத்து மட்டும் காட்டுன ஸ்க்ரீன்ஷாட் வாங்கினேன், மிச்சத்துக்கு இன்னும் காசு வேணுமாம். பின்னாடி நிஜ பாஸ்வேர்ட் தெரிஞ்சப்போ பாத்தா அந்த ரெண்டு எழுத்தும் தப்பு.

அவங்க கேக்கற பேப்பர் என்னன்னா, ஃபைல் உங்களோடதுன்னு எழுதிக் குடுத்த கையெழுத்து, கம்பெனி ஃபைல்னா கம்பெனில இருந்து அனுமதி லெட்டர், இறந்து போனவங்க ஃபைல்னா நீங்க வாரிசுன்னு காட்டற பேப்பர். இதெல்லாம் கேக்காம வாங்கிக்கறவங்கள நம்பாதீங்க, உங்க ஃபைல நாளைக்கு வேற ஒருத்தன் கொண்டு போனாலும் அப்படியேதான் திறந்து குடுப்பாங்க.

ஃபைலையும் குடுக்க வேணாம். ஆபிஸ், பிடிஎஃப் ரெண்டுக்கும் ஹேஷ் வரி மட்டும் குடுத்தாலே அவங்களால பாஸ்வேர்ட் தேட முடியும், உள்ள இருக்கற கணக்கு வழக்கு அதுல வராது. ஜிப்புல மட்டும் ஜாக்கிரதை, சின்ன ஃபைல்னா என்கிரிப்ட் ஆன உள்ளடக்கமே அந்த வரில சேந்து வந்துடலாம். "இங்க அப்லோட் பண்ணுங்க, உடனே திறந்து தர்றோம்"னு சொல்ற சைட்ல சம்பளம், சொத்து, மெடிக்கல் மாதிரி எதையும் ஏத்தவே ஏத்தாதீங்க.

10. திறந்த உடனே

திறந்துச்சுன்ன சந்தோஷத்துல கணக்கப் பாக்க உக்காந்துடாதீங்க. முதல்ல பாஸ்வேர்ட எடுத்துட்டு ஒரு காப்பி சேவ் பண்ணுங்க, அதை மூடி திரும்ப திறந்து பாருங்க. பாஸ்வேர்ட் கட்டாயம் வேணும்னா கீபாஸ், பிட்வார்டன் மாதிரி ஒரு பாஸ்வேர்ட் மேனேஜர்ல ஃபைல் பேரோட சேத்து போட்டு, அதுல இருந்து காப்பி பண்ணியே ஒரு தடவ திறந்து சரிபாருங்க. கிளவுட்ல வாடகைக்கு எடுத்த மெஷின்ல, டூலோட பாட் ஃபைல்ல அந்தப் பாஸ்வேர்ட் அப்படியே படிக்கற மாதிரி கிடக்கும், அதை அழிங்க. உங்க லிஸ்ட் ஃபைலையும் அழிங்க, அதுல உங்க வீட்டு ஆளுங்க இத்தனை வருஷமா வச்ச பாஸ்வேர்ட் அச்சு மொத்தமும் இருக்கு, அதே அச்சுல இன்னும் ஓடிட்டு இருக்கற மெயில் அக்கவுன்ட் இருந்தா அதையும் மாத்திடுங்க. அக்கா இன்னும் மாத்தல, பூனை பேரத்தான் வச்சிருக்கா, இந்தத் தடவ இசட் எச் போட்டிருக்காளாம்.